மெட்டுப் போட்டது யாரு, மாமா?

அக்கா மகனுக்குக் காலேஜ் லீவு முடிந்துவிட்டது. சென்னைக்குக் கிளம்புகிறவனை வழியனுப்பக் கடையநல்லூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பொதிகை வர இன்னும் நேரம் இருந்தது. இரண்டு பேரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவன் செல்போனை எடுத்தான். நானும் என் செல்போனை எடுத்தேன். திடீரென்று என்ன தோன்றியதோ, அவன் காதில் இருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்துவிட்டான்.

"மாமா, இதக் கேட்டுப் பாருங்க."

ஒரு கிட்டார் மெதுவாக நடந்து வந்தது. பின்னாலேயே ஒருத்தர் இழுத்து இழுத்துப் பாடினார். எனக்கு இங்கிலீஷ் பாட்டு பிடிபடாது. ஆனால் ஏதோ ஒரு கஷ்டத்தைச் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

"என்னல சொல்லுதாரு?"

அவன் கதையைச் சொன்னான். ஒருத்தன் தன் மனசுக்குப் பிடித்தவளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறான். ரயில் வருகிறது. அவள் ஏறிப் போய்விடுகிறாள். ரயிலின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு இவன் நிற்கிறான். அவ்வளவுதான்.

"நம்ம ஸ்டேஷன் கதைதான் மாமா" என்றான்.

சிரித்தேன். ஆனால் அவன் சொன்னது சரிதான். இந்த ஊர் பிளாட்பாரத்தில் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பிழைப்புக்காகக் கடல் தாண்டுவது இங்கே பல தலைமுறைப் பழக்கம். சிங்கப்பூரில் 1941-லேயே கடையநல்லூர் பெயரில் ஒரு முஸ்லிம் சங்கம் ஆரம்பித்த ஊர் இது. பிறகு வளைகுடா. இப்போது சென்னை, பெங்களூரு. பெட்டி தூக்கி வந்தவர்களின் கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும்.

"யாரு பாடுனது?"

"ரோலிங் ஸ்டோன்ஸ். லண்டன் குரூப். ஆனா பாட்டு அவங்களது இல்ல. ராபர்ட் ஜான்சன்னு ஒரு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். ‘லவ் இன் வெய்ன்’னு பேரு. இவங்க பாடுனது கவர்."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். பின்விளக்கையும் பார்த்துக்கொண்டு நின்றேன்!

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விடிந்ததே தெரியவில்லை.

கக்கத்தில் இருந்த இசைத்தட்டுகள்

அந்த லண்டன் குழுவின் கதையும் ஒரு ரயில்வே ஸ்டேஷனில்தான் ஆரம்பிக்கிறது. 1961-ம் வருடம். லண்டனுக்குப் பக்கத்தில் டார்ட்ஃபோர்டு என்கிற ஊர். மிக் ஜாகர் என்கிற மாணவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார். கையில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். சின்ன வயதில் கூடப் படித்த கீத் ரிச்சர்ட்ஸ் அங்கே வருகிறார். அந்தத் தட்டுகளைப் பார்த்துப் பேச்சு ஆரம்பிக்கிறது. அடுத்த வருடமே குழு தயார். பெயர்கூட மடி வாட்டர்ஸ் பாடிய ஒரு பாட்டிலிருந்து எடுத்ததுதான்.

அந்தத் தட்டுகளில் இருந்த இசைக்கு ‘ப்ளூஸ்’ என்று பெயர். அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்களிடம் பிறந்தது. பெரும்பாலும் மூன்று வரிக் கட்டு. முதல் வரியையே இரண்டாவது தடவையும் பாடுவார்கள். மூன்றாவது வரியில் பதில் வரும். நம் ஊர்ப் பாட்டிகள் துக்கத்தைச் சொல்லும்போதும் சொன்னதையே திரும்பச் சொல்லித்தானே அடுத்ததற்குப் போவார்கள்? மனசின் பழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல.

ராபர்ட் ஜான்சன் பதிவு செய்தது 1936, 1937 இரண்டே வருடங்களில் மொத்தம் 29 பாட்டுகள். 1938-ல் இறந்துபோனார். வயது 27. உயிரோடு இருந்தபோது பெரிய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய இந்தப் பாட்டின் மெட்டிலும் லிராய் கார் என்கிற முந்தைய ப்ளூஸ் பாடகரின் சாயல் உண்டு. யாரும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பாட்டை எடுத்து வருவதில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் அந்தப் பாட்டை 1969-ல் வெளிவந்த ‘லெட் இட் பிளீட்’ இசைத்தட்டில் பாடினார்கள். அப்படியே நகல் எடுக்கவில்லை. ஒற்றைக் கிட்டாரில் ஜான்சன் பாடியதை நிதானமாக்கி, சில ஸ்வரக் கோர்வைகளைக் கூட்டி, மாண்டலினும் சேர்த்தார்கள். நம்ம மாண்டலின்தான்! ஜான்சன் பாடியதைக் கேட்டால் வலி பச்சையாக இருக்கிறது. இவர்கள் பாடியதைக் கேட்டால் அந்த வலி நடந்து பல வருடம் கழித்து, ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது போல் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காலடியில் உட்கார்ந்தவர்கள்

இந்தக் குழுவின் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்படும் ஒரு சம்பவம் உண்டு.

வில்லி டிக்ஸன் எழுதி, ஹௌலின் உல்ஃப் 1961-ல் பதிவு செய்த பாட்டு ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’. சிவப்புச் சேவல் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதை ஸ்டோன்ஸ் பாடி, 1964 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த வருடம் மே மாதம் அமெரிக்காவில் ‘ஷிண்டிக்’ என்கிற டி.வி. நிகழ்ச்சிக்கு இவர்களைக் கூப்பிட்டார்கள். ‘ஹௌலின் உல்ஃபையும் கூப்பிடுங்கள்’ என்று இவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெரிய மனிதர் மேடையில் நின்று பாட, இந்த இளைஞர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அமெரிக்கா முழுக்க அதைப் பார்த்தது.

அமெரிக்கக் கலைஞரை அமெரிக்கர்களுக்கே அறிமுகப்படுத்த லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளையின் அருமையை அடுத்த ஊர்க்காரர் சொல்லித்தானே நாமும் தெரிந்துகொள்கிறோம்?

ஆனால் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அதே குழு 1969-ல் அந்த ரயில் பாட்டை வெளியிட்டபோது, தட்டில் ராபர்ட் ஜான்சன் பெயர் இல்லை. பிறகு வந்த பதிப்புகளில் ‘டிரெடிஷனல்’ என்று போட்டார்கள். அதாவது ‘பாரம்பரியப் பாடல்’. யார் செய்தது என்று தெரியாத, ஊருக்கே பொதுவான பாட்டு என்று அர்த்தம். பின்னால் வழக்கு வந்தது. இந்தப் பாட்டுகள் பொதுச்சொத்து ஆகிவிடவில்லை, உரிமை இருக்கிறது என்று 2000-ம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஜான்சன் இறந்து 62 வருடம் கழித்து!

இன்னொரு லண்டன் குழுவான லெட் செப்பலினும் இதில் மாட்டியது. அவர்களுடைய புகழ்பெற்ற ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் தன் பாட்டு இருக்கிறது என்று வில்லி டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட்டார். இரண்டு வருடத்தில் சமரசம் ஆனது. இன்று அந்தப் பாட்டில் டிக்ஸன் பெயரும் இருக்கிறது.

ஸ்டோன்ஸ் தாத்தாக்கள் ஆன பிறகு, 2016-ல் முழுக்கப் பழைய ப்ளூஸ் பாட்டுகளாகவே 12 பாட்டுகள் கொண்ட ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். மூன்றே நாளில் பதிவு செய்தது. கிராமி விருதும் வாங்கியது. சின்ன வயதில் ஒரு ஸ்டேஷனில் கக்கத்தில் இடுக்கியிருந்த அதே இசைக்கு, எழுபது வயதில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பெயரிலேயே ஊர் இருந்தும்

இதையெல்லாம் படித்துவிட்டு ‘வெள்ளைக்காரன் இப்படித்தான்’ என்று காலையில் டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது கடை ரேடியோவில் எம்.எஸ்.சுப்புலட்சுமியின் ‘குறை ஒன்றும் இல்லை’ ஆரம்பித்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "இது யாரு பாட்டு அண்ணாச்சி?"

"எம்.எஸ். அம்மா பாட்டு."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எழுதினது ராஜாஜில்லா" என்றார்.

"மெட்டுப் போட்டது?"

யாரும் பேசவில்லை.

கடையநல்லூர் வெங்கட்ராமன். பெயரிலேயே நம் ஊரைச் சுமந்தவர். சிவரஞ்சனியில் ஆரம்பித்து, காபிக்குப் போய், சிந்துபைரவியில் முடியும் அந்த ராகமாலிகை அவர் அமைத்தது. எம்.எஸ். பாடிய வேறு சில பாடல்களுக்கும் அவர் மெட்டமைத்திருக்கிறார். உலகத்தில் தமிழர் இருக்கும் இடமெல்லாம் அந்தப் பாட்டை யாராவது பாடிக்கொண்டிருக்கிறார்கள். நாதஸ்வரத்தில், வீணையில், கீபோர்டில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில். எல்லாமே கவர்தான். அதில் எத்தனை மேடையில் மெட்டுப் போட்டவர் பெயரைச் சொல்கிறார்கள்? கடையநல்லூர் டீக்கடையிலேயே யாருக்கும் தெரியவில்லை என்றால் மற்ற ஊரைக் குறை சொல்லி என்ன?

இத்தனைக்கும் ரசிப்பதையே ஒரு கலையாக வளர்த்த சீமை இது. இங்கிருந்து பஸ் ஏறித் தென்காசி போய் இறங்கினால் பக்கத்தில் குற்றாலம். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த இடம். கவிதையை எழுதியதற்காக இல்லை, ரசித்ததற்காகவே ஒரு மனிதருக்குப் பட்டம் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். ராஜாஜிக்கும் அவர் நெருங்கிய நண்பர்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு, ஊரைப் பற்றி இந்தப் பத்தியில் காரசாரமாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அன்று ராத்திரி அக்கா மகன் போன் செய்தான்.

ஒரே ஒரு கட்டை

"மாமா, போன கொடையில நம்ம அம்மன் பாட்டைப் பாடுனாங்கல்லா, அதை ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேன். ஹாஸ்டல்ல பசங்க கேட்டுட்டு அசந்துட்டாங்க. கிட்டார்ல வாசிச்சு நெட்ல போடப்போறோம். மெட்டுப் போட்டது யாரு, மாமா? டிரெடிஷனல்னு போட்டுறவா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்தப் பத்தியை நெடுநாளாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்துக் கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தவன் நான். பாடவும் செய்வேன். ஆனால் முக்கியமான வேலை மைக் பிடித்து அறிவிப்பது. ‘அடுத்ததாக உங்கள் அபிமானப் பாடல்’ என்று கம்பீரமாகச் சொல்லிப் படத்தின் பெயர், நடிகர் பெயர், இசையமைப்பாளர் பெயர் எல்லாவற்றையும் அடுக்குவேன்.

எங்கள் குழுவில் ஒரு ஆர்மோனிய அண்ணன் இருந்தார். பகலில் தறி, ராத்திரியில் கச்சேரி. அதிகம் பேச மாட்டார். ஸ்வரம் எழுதவும் தெரியாது. எல்லாம் காதும் விரலும்தான்.

ஒருநாள் ஒத்திகையில் எனக்கு ஒரு வித்தை காட்டினார். மோகனத்தை வாசித்தார். கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிறகு ‘க’ இருக்கும் கட்டையை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு முந்தின கட்டையைப் பிடித்து அதையே வாசித்தார். சிவரஞ்சனி. தொண்டை அடைத்துக்கொண்டது.

"பாத்தியா தம்பி? மத்த நாலும் அப்படியே இருக்கு. ஒரே ஒரு கட்டைதான் மாறுச்சு. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் நடுவுல அவ்வளவுதான் தூரம்."

கொஞ்சம் நேரம் கழித்து, "அந்த ரெண்டு கட்டைக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. தொண்டையில பிடிக்கலாம். இந்தப் பெட்டியில பிடிக்க முடியாது" என்று வருத்தப்பட்டார்.

அவர் சொன்ன அந்த நடுவிடம்தான் ப்ளூஸின் உயிர் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாடகர்கள் மோகனத்தின் காந்தாரத்துக்கும் சிவரஞ்சனியின் காந்தாரத்துக்கும் நடுவில் குரலை வழுக்க விடுகிறார்கள். கிட்டார் கம்பியை விரலால் இழுத்தும், மேலே கண்ணாடிக் குழாயை வைத்துத் தேய்த்தும் அதே இடத்தைத் தேடுகிறார்கள். மிசிசிப்பியில் தேடியதைத்தான் கடையநல்லூரில் ஒரு நெசவாளியும் தேடியிருக்கிறார்.

அந்த அண்ணன்தான் எங்கள் தெரு அம்மனுக்கு ஒரு பாட்டுக் கட்டினார். வார்த்தையும் அவரே, மெட்டும் அவரே. முதல் தடவை பாடியவன் நான். சாமக்கொடையில் அந்தப் பாட்டு வந்தால் பெண்கள் குலவை போட ஆரம்பித்துவிடுவார்கள். வருடா வருடம் பாடினேன். வருடா வருடம் நான் செய்த அறிவிப்பு இதுதான்: ‘அடுத்ததாக நம் அன்னையின் பாடல்.’

அவ்வளவுதான். சினிமாப் பாட்டுக்கெல்லாம் பெயர் சொன்னவன், பக்கத்தில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயரைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. நம்ம அண்ணன்தானே, ஊருக்கே தெரியுமே என்று இருந்துவிட்டேன். அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. குழுவும் கலைந்துவிட்டது. பாட்டு மட்டும் புதுப் பிள்ளைகள் வாயில் வருடா வருடம் வருகிறது. ஊருக்கே தெரியும் என்று நினைத்தது, ஒரே தலைமுறையில் யாருக்கும் தெரியாததாகிவிட்டது.

பாரம்பரியப் பாடல் எப்படி உருவாகிறது என்று அன்று ராத்திரி புரிந்தது. யாரோ ஒருத்தர் பெயர் சொல்ல மறந்தாலே போதும். யாரும் திருட வேண்டியதே இல்லை.

"டிரெடிஷனல்னு போடாதல. பேரு சொல்லுதேன், எழுதிக்கோ" என்றேன்.

நீங்களும் செய்யலாம்

இப்போது வீட்டுக்கு வீடு பாடகர்கள். செல்போனை நிறுத்திவைத்துப் பாடி அனுப்புகிறோம். நல்ல விஷயம். கூடவே சில விஷயங்களையும் தெரிந்துகொள்வோம்.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டப்படி, மெட்டை எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மெட்டமைத்தவர் மெட்டமைத்தவர்தான். ஸ்வரம் எழுதத் தெரியாத எங்கள் அண்ணனும் அதில் சேர்த்தி. பாட்டின் உரிமையை விற்றுவிட்டாலும், ‘இது நான் செய்தது’ என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு. அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும். 2012-ல் வந்த திருத்தத்தின்படி, ஒரு பாட்டின் முதல் ஒலிப்பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகே, முன்கூட்டியே தெரிவித்து, ராயல்டியும் கட்டி, கவர் ஒலிப்பதிவு வெளியிடலாம்.

சட்டத்தை விடுங்கள். காசே செலவில்லாத ஒன்று இருக்கிறது. பாடுவதற்கு முன்னால் பெயரைச் சொல்வது. எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர். மூன்று பெயர் சொல்ல பத்து விநாடி ஆகுமா? ‘குறை ஒன்றும் இல்லை’ பாடும் குழந்தையிடம் ‘கடையநல்லூர் வெங்கட்ராமன்’ என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் தெருக் கோயில் பாட்டு, உங்கள் ஊர்த் தர்காவில் பாடும் பாட்டு, ஆச்சி பாடிய தாலாட்டு, வயலில் நடவுக்குப் பாடியது... கட்டியவர் பெயர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் கிட்டாரில் வாசித்த அம்மன் பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஆரம்பத்தில் அவன் குரல், அண்ணன் பெயரையும் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. அதற்குப் பிறகு பாட்டு.

மதினி பூக் கட்டுவதை நிறுத்தவில்லை. முழுப் பாட்டையும் கேட்டார்கள்.

"அந்தப் பேரை இன்னொருக்கப் போடு" என்றார்கள்.

மறுபடி போட்டேன்.

அடுத்த கொடைக்கு மைக் பிடிக்கும் தம்பியிடம் பேசி வைத்திருக்கிறேன். அவர் சொல்வார். மறந்தால், கூட்டத்தில் நான் நிற்பேன். பழைய தொண்டைதான். மைக் இல்லாவிட்டாலும் கேட்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதற்குள் உங்கள் தெருப் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று ஒருவரிடமாவது கேட்டு வையுங்கள்.